காலக்கோட்டுச் சண்டைக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து குவிந்த சாமான்களில் விசிடியும் ஒன்று. ஒரு படத்துக்கு இரண்டு தட்டு. எங்கள் மாமா ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து தந்தார், அதற்குள் ஸ்டார் வோர்ஸும் கிடந்தது. அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து மச்சான் வந்தான். அன்று பின்னேரம் விறாந்தையில் தொடங்கியது சண்டை. படத்தின் நாயகர்களில் ஒருவன் ஹான் சோலோ, அவனைப் பிடிக்க வந்தவன் கிரீடோ. இரண்டு பேரில் யார் முதலில் சுட்டது என்பதுதான் வழக்கு.

"ஹான் சோலோதான் முதல் சுட்டவன்."

"இல்லையடா. கிரீடோ சுட்டுப் பிழைச்சுப் போச்சு. பிறகுதான் ஹான் சுட்டவன்."

"விசர்க் கதை கதைக்காதை. நான் சின்னனிலை இருந்து கசற்றிலை பாக்கிறன்."

"நான் போன கிழமை பாத்தனான். தட்டு உள்ளுக்குத்தான் கிடக்கு, போட்டுக் காட்டட்டோ?"

போட்டுக் காட்ட முடியவில்லை, கரண்ட் இல்லை. அம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. இரண்டு மணித்தியாலம் கத்தியிருப்போம். அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்பது எனக்கு விளங்க இன்னும் சில வருடங்கள் எடுத்தன. 1977இல் வந்த படத்தில் ஹான் மட்டுமே சுடுவான். 1997இல் ஜோர்ஜ் லூக்காஸ் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது கிரீடோவை முதலில் சுட வைத்தார். மச்சானின் கசற்றில் இருந்தது பழையது, என் தட்டில் இருந்தது திருத்தியது. ஒரே பெயரில் இரண்டு படம்.

இப்போது சனி பின்னேரங்களில் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுகிறோம். கம்பஸ் பெடியள், பெட்டையள் அவ்வப்போது புதிதாக வந்து சேர்வார்கள். எல்லாவற்றையும் போனிலேயே பார்த்து முடித்தவர்கள், எங்களைவிட விபரம் தெரிந்தவர்கள். ஆனாலும் அந்த விறாந்தைச் சண்டையைத்தான் திரும்பவும் பிடிப்பார்கள். ஒரு கதையுலகத்தில் எது நடந்தது, எப்போது நடந்தது என்று எப்படி வாதாடுவது என்பதை அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிரதியைச் சொல்லுங்கள்

வாயைத் திறக்கும்போதே எந்தப் பிரதி என்று சொல்லிவிடுங்கள். "1977 படத்தில்", "1997 திருத்தத்தில்", "நாவலில்", "தொடரின் இரண்டாம் பருவத்தில்". இது ஒன்றும் புதுப்பழக்கம் அல்ல. இராவணன் சீதையைக் கையால் தூக்கிப் போனானா, குடிலோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனானா என்று நம்மவர்கள் அடிபடுவதில்லை. வால்மீகியில் கையால் தூக்குகிறான், கம்பனில் நிலத்தோடு பெயர்க்கிறான். இன்னாரின் பாட்டில் இப்படி என்று முன்னொட்டோடு பேசுவது நமக்குக் கைவந்த பழக்கம். விண்கலம் என்று வந்ததும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

இதற்கு எங்கள் தீவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் '2001' கதையில் விண்கலம் எந்தக் கோளுக்குப் போகிறது? நாவலில் சனிக்கு, படத்தில் வியாழனுக்கு. 1982இல் அவர் எழுதிய அடுத்த நாவல் தன் சொந்த நாவலைத் தொடராமல் படத்தைத் தொடர்ந்து வியாழனையே எடுத்துக்கொண்டது. மூன்றாவது நாவலின் முன்குறிப்பில், இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் நேர்த்தொடர்கள் அல்ல, ஒரே கருவின் வேறுபாடுகள், எல்லாம் ஒரே பிரபஞ்சத்தில் நடப்பதாகக்கூட இருக்கத் தேவையில்லை என்று அவரே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் சனியா வியாழனா என்று வாதாடுகிறவர் கிளார்க்கோடுதான் வாதாட வேண்டும். (இன்னொரு நாவலில், விண்வெளிக்குப் போகும் மின்தூக்கிக்கு நிலநடுக்கோடு தேவைப்பட்டதால் இலங்கையையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்தார். நாங்கள் இடம்பெயர்ந்தவர்கள், அவர் தீவையே இடம்பெயர்த்தவர்.)

எது முறைக்குள், எது வெளியே

'கேனன்' என்ற சொல் கிறிஸ்தவத் திருச்சபையிலிருந்து வந்தது. வேதாகமத்தில் எந்த நூல்கள் சேரும் என்ற பட்டியலுக்குப் பெயர் அது. ஒரு கதையுலகத்தில் எவை அதிகாரபூர்வமாகச் சேரும் என்பதற்கும் இப்போது அதே பெயர்தான். ரொனால்ட் நொக்ஸ் என்பவர் 1911இல் ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை வேதநூல்போல் வைத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வாசித்தார். வேதாகம ஆய்வாளர்களைக் கிண்டல் செய்யத்தான் வாசித்தார். கிண்டல் அப்படியே வழக்காகிவிட்டது. வொட்சனுக்குத் தோளில் குண்டு பட்டதாக முதல் நாவலிலும் காலில் பட்டதாக இரண்டாவது நாவலிலும் இருப்பதை வைத்து இன்றுவரை மண்டையை உடைப்பவர்கள் உண்டு.

நமக்கு இதை விளங்கிக்கொள்ள திருமுறை போதும். நம்பியாண்டார் நம்பி தொகுத்தவற்றுக்குப் பின், சேக்கிழாரின் பெரியபுராணம் பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தது. ஆக, பட்டியல் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ தொகுக்கிறார்கள், யாரோ சேர்க்கிறார்கள். அறிவியல் புனைகதைத் தொடர்களில் அந்த யாரோ பெரும்பாலும் உரிமை வைத்திருக்கும் கம்பனி.

ஆகவே இரண்டாவது வேலை, நீங்கள் பேசும் தொடரின் பட்டியலை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று பார்ப்பது. ஸ்டார் வோர்ஸில் 2014 ஏப்ரல் 25 முக்கியமான தேதி. அதுவரை வந்த நாவல்கள், கொமிக்ஸ்கள் என்று பல்லாண்டுக் கதைகளை லூக்காஸ்பிலிம் ஒரே அறிவிப்பில் 'லெஜெண்ட்ஸ்' என்று பெயர் மாற்றி வெளியே வைத்தது. திரையில் வந்த படங்கள் உள்ளே நின்றன. விண்கலப் பயணக் கதையான ஸ்டார் ட்ரெக்கில் பொதுவாகத் திரையில் வந்தது உள்ளே, புத்தகத்தில் வந்தது வெளியே. 1973-74இல் வந்த அதன் கார்ட்டூன் தொடர் மட்டும் நீண்டகாலம் வாசற்படியிலேயே நின்றது. வேடிக்கை என்னவென்றால், அதன் நாயகன் கப்டன் கேர்க்கின் நடுப்பெயர் 'டைபீரியஸ்' என்று முதலில் திரையில் சொன்னதே அந்தக் கார்ட்டூன்தான். 1991 படத்தில் அந்தப் பெயர் வந்தபிறகு யாரும் மறுக்க முடியவில்லை. ஆளை வாசலில் நிறுத்திவிட்டு அவர் கொண்டுவந்த பலகாரத்தை மட்டும் உள்ளே எடுத்த கதை.

பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரான டொக்டர் ஹூவில் அப்படி ஓர் அதிகாரபூர்வப் பட்டியலே கிடையாது. 1963இலிருந்து ஓடுகிறது, பட்டியல் இல்லாமலே ஓடுகிறது. அங்கே 'அது கேனன் இல்லை' என்று சொன்னால் அது உங்கள் விருப்பம் மட்டுமே.

ஒன்று கவனியுங்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பது மட்டமான கதை என்று அர்த்தம் இல்லை. கம்பராமாயணப் பதிப்புகளில் 'மிகைப்பாடல்கள்' என்று ஒதுக்கியவற்றிலும் வாய்விட்டுப் படிக்கத் தோன்றும் பாட்டுகள் உண்டு. ஒதுக்குவது வேறு, வெறுப்பது வேறு.

பாட்டு முதலில், பயன் பிறகு

எங்கள் ஊர்க் கோயில்களில் கந்தபுராணப் படிப்புக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்பவர் எவ்வளவு தூரம் அலைந்து திரிந்தாலும் வாசித்த பாட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் முன்வரிசைக் கிழவர் ஒருவர் செருமுவார். வாதத்துக்கும் இதுதான் நடைமுறை. காட்சியைச் சொல்லுங்கள், முடிந்தால் போட்டே காட்டுங்கள், அதில் பேசிய வசனத்தை வசனமாகவே சொல்லுங்கள். உங்கள் விளக்கம் அதற்குப் பிறகு. 'எனக்கு நல்ல ஞாபகம்' என்று தொடங்கும் வாதங்களில் பாதி ஞாபகப் பிழை.

திரையில் நேராகக் காட்டியதும் சொன்னதும்தான் பலமான சான்று. பின்னால் சுவரில் தொங்கிய பலகை, கணினித் திரையில் ஓடிய எழுத்து இதெல்லாம் அதற்கு அடுத்தது, செற் போட்டவர் அவசரத்தில் எழுதியதாக இருக்கலாம். இயக்குநர் பேட்டியில் சொன்னது கடைசி. பேட்டி கொடுப்பவர்கள் மனம் மாறுவார்கள்.

திரையில் இல்லாததை வைத்து வாதாடும்போது இன்னும் கவனம் தேவை. புகழ்பெற்ற வழக்கு ஒன்று. 1982இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் கான் என்ற வில்லன், கேர்க்கின் கப்பலில் வேலை செய்த செக்கோவைப் பார்த்ததும் முகத்தை அடையாளம் கண்டுவிடுகிறான். ஆனால் கான் முதலில் வந்தது 1967 பெப்ரவரியில், முதல் பருவத்தில். செக்கோவ் திரைக்கு வந்ததோ அதே வருடம் செப்டெம்பரில், இரண்டாம் பருவத்தில். அப்படியென்றால் எங்கே சந்தித்தார்கள்? செக்கோவாக நடித்த வோல்ட்டர் கெனிக் இதற்கு ஒரு பகிடி சொல்வார். கப்பலின் கழிப்பறையில் செக்கோவ் கனநேரம் இருந்துவிட்டானாம், வெளியே காத்து நின்ற கான் அந்த முகத்தை மறக்கவில்லையாம். பகிடிதான். ஆனாலும் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. கப்பலில் நானூறுக்கு மேல் ஆட்கள், கமரா காட்டியது சிலரை. தேர்த்திருவிழாப் படத்தில் உங்கள் முகம் இல்லை என்பதற்காக நீங்கள் அன்று வடம் பிடிக்கவில்லை என்று ஆகுமா?

வழுவா, வழுவமைதியா

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தபோது வழாநிலை, வழு, வழுவமைதி என்று ஒப்புவித்தோம். விதிப்படி நிற்பது வழாநிலை. விதி பிசகுவது வழு. பிசகினாலும் தகுந்த காரணம் காட்டி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. அதிலே காலவழுவமைதி என்று ஒன்று உண்டு. போனில் "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டால், இன்னும் சாரம் மாற்றாமல் வீட்டில் நிற்பவர் "இந்தா வந்திட்டன்" என்கிறார். எதிர்காலத்தில் சொல்ல வேண்டியதை இறந்தகாலத்தில் சொல்கிறார். விரைவு பற்றி வந்த மயக்கம் என்று நன்னூல் அதை மன்னிக்கிறது. முன்னே சொன்ன கதைக்குப் பின்னால் வந்து புதுக் காரணம் கட்டுவதை ஆங்கிலத்தில் ரெட்கொன் என்பார்கள். அவர்கள் தலைசொறியும் அந்த விஷயத்துக்கு எங்களிடம் பல நூற்றாண்டாக இலக்கணமே இருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக்கோள் இனமான கிளிங்கன்களிடம் போவோம். 1960களின் ஸ்டார் ட்ரெக்கில் கிளிங்கன்களுக்கு நெற்றி நம்முடையதுபோல் வழவழப்பு. 1979இல் முதல் படம் வந்தபோது நெற்றியில் மேடும் பள்ளமுமாக எலும்பு. காரணம் எல்லோருக்கும் தெரியும், முன்னே காசில்லை, பின்னே காசு வந்தது. பல வருடம் யாரும் வாயே திறக்கவில்லை. 1996இல் டீப் ஸ்பேஸ் நைன் என்ற ஸ்டார் ட்ரெக் தொடரின் பாத்திரங்கள் காலம் கடந்து 1967 அத்தியாயம் ஒன்றுக்குள்ளேயே போய் நின்றார்கள். வழவழ நெற்றிக் கிளிங்கன்களைக் கண்ட தோழர்கள் எல்லோரும் தங்களோடு வந்த கிளிங்கனான வோர்ஃபைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு நெற்றி எலும்பு உண்டு. இதைப் பற்றி நாங்கள் வெளியாரோடு கதைப்பதில்லை என்று முறைத்துக்கொண்டு சொன்னான். என் கணக்கில் இதைவிட நல்ல பதில் கிடையாது. எந்த வீட்டிலும் வெளியாரோடு கதைக்காத விஷயம் ஒன்று இருக்கும்.

2005இல் என்டர்பிரைஸ் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் அந்த மௌனத்தையும் கெடுத்தது. மரபணு மாற்றத்தில் கிளம்பிய ஒரு தொற்று நெற்றி எலும்பைக் கரைத்துவிட்டது என்று இரண்டு அத்தியாயம் செலவழித்து விளக்கினார்கள். குறை சொல்ல முடியாத வழுவமைதி. ஆனால் வோர்ஃபின் முறைப்பில் இருந்த சுவை அதில் இல்லை என்பேன். எங்கள் கூட்டத்தில் இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கம், கேர்க்கின் கல்லறை. 1966 அத்தியாயம் ஒன்றில் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கேர்க்' என்று இருக்கிறது. பின்னால் அவர் ஜேம்ஸ் டி. திரையில் இதற்கு ஒருவரும் காரணம் சொல்லவில்லை. இது வெறும் வழு. புதிதாய் வருகிறவர்கள் இதற்கும் ஒரு மாற்றுப்பிரபஞ்சத்தைக் கட்ட வெளிக்கிடுவார்கள். விடுங்கள். எழுத்துப் பிழையை எழுத்துப் பிழையாக விடவும் ஒரு துணிவு வேண்டும்.

முன்னே சொன்ன கான் பூமியில் நடத்தியதாகக் கதை சொல்லும் போர் இரண்டுக்கும் நடுவில். 1967இல் சொன்னபடி அது 1992இலிருந்து 1996வரை நடந்திருக்க வேண்டும். அந்த வருடங்கள் வந்து போய்விட்டன. 2023இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் என்ற ஸ்டார் ட்ரெக் தொடர், காலத்தில் தலையிட்டவர்களால் அந்த நிகழ்வுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டன என்று ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லிச் சமாளித்தது. இதை ஒரு சனிக்கிழமை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தலையை நிமிர்த்தினார். "92இலை இருந்து 96 வரைக்கும் சண்டை நடக்கேல்லை எண்டு ஆர் தம்பி சொன்னது? இஞ்சை வந்து கேக்கச் சொல்லும்."

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 1983 ஸ்டார் வோர்ஸ் படத்தில், உன் உண்மையான அம்மாவை ஞாபகம் இருக்கிறதா என்று லூக் தன் இரட்டைச் சகோதரி லேயாவிடம் கேட்கிறான். தான் மிகச் சின்னதாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டதாகவும் அம்மாவின் அழகும் சோகமும் மனதில் இருப்பதாகவும் லேயா சொல்கிறாள். 2005 படத்தில் அந்தத் தாய் பிள்ளைகளைப் பெற்ற கையோடு இறந்துவிடுகிறாள். லேயா வளர்ப்புத்தாயைச் சொல்கிறாள் என்று ஒருவர் சொல்வார். லூக் 'உண்மையான' என்று கேட்டதை எடுத்துக் காட்டுங்கள், பாட்டு முதலில். அவளுக்குள் இருக்கும் சக்தியால் பிறந்த கணத்திலேயே பதிந்துவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். அந்த உலகத்தின் விதிக்குள் நிற்கும் பதில், வழுவமைதி. லூக்காஸ் மறந்துவிட்டார் என்று மூன்றாமவர் சொல்வார், வழு. எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பது உங்கள் பாடு. எந்த வகைப் பதிலைச் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் தெரிந்து சொல்லுங்கள்.

கொப்பியில் கோடு கீறுதல்

காலப்பயணம் வந்துவிட்டால் வாயால் வாதாடாதீர்கள். ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பென்சில், இரண்டு நிறப் பேனை போதும்.

கொப்பியைக் குறுக்கே திருப்பி, இடமிருந்து வலமாகப் பென்சிலால் ஒரு கோடு கீறி ஆண்டுகளைக் குறியுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம். அந்த ஆள் வாழ்ந்த ஒழுங்கில் பேனை போக வேண்டும். ஆள் பின்னோக்கிப் போனால் பேனையும் வளைந்து பின்னுக்குப் போகும். போய் இறங்கிய இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். இங்கே பழைய கோடு அழிகிறதா, கிளை விடுகிறதா, அல்லது அவர் வருகை முதலிலிருந்தே அந்தக் கோட்டுக்குள் இருந்ததா?

2009 ஸ்டார் ட்ரெக் படத்தைக் கீறிப் பாருங்கள். 2387இல் ஒரு நட்சத்திரம் வெடித்து ரொமியுலஸ் கோள் அழிகிறது. அந்தக் கோளின் நீரோ என்ற வில்லனும், கேர்க்கின் பழைய தோழரான வயதான ஸ்பொக்கும் காலத்தில் பின்னோக்கி இழுபடுகிறார்கள். நீரோ 2233இல் வந்து இறங்குகிறான். அந்தப் புள்ளியிலிருந்து கீழே ஒரு கிளைக் கோடு கீறுங்கள். ஸ்பொக் அவனுக்குப் பின்னால் நுழைந்தவர், இறங்கியது 25 வருடம் தள்ளி, 2258இல். அதே வருடம் ஸ்பொக்கின் சொந்தக் கோளான வல்கன் அழிகிறது, கீழ்க்கோட்டில் மட்டும். புதியவர்கள் பத்துக்கு எட்டுப்பேர் வல்கனுக்கு மேல்கோட்டில் பெருக்கல் குறி போடுவார்கள். மேல்கோட்டில் வல்கன் சுகமாக இருக்கிறது, அங்கே போனது ரொமியுலஸ். நீரோ போனதும் மேல்கோடு அழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், 2020இல் தொடங்கிய பிக்கார்ட் தொடரைக் காட்டுங்கள். ரொமியுலஸ் அழிந்ததற்குப் பிந்திய உலகம், பழைய கோட்டிலேயே நடக்கிறது.

அதற்காக ஸ்டார் ட்ரெக்கில் எப்போதும் கிளைதான் விடும் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். 1967இல் வந்த ஓர் அத்தியாயத்தில், இறக்க வேண்டிய ஒரு பெண் காப்பாற்றப்பட்டதால் கேர்க்கின் உலகம் முழுவதுமே இல்லாமல் போகிறது. அங்கே கோடு அழிகிறது. டெர்மினேட்டரிலும் படத்துக்குப் படம் விதி மாறும். 1984 படத்தில் எதிர்காலத்திலிருந்து அனுப்பப்பட்டவனே அனுப்பியவனின் தகப்பன் ஆகிறான், மூடிய வட்டம். 1991 படத்தில் வருவதை மாற்றலாம் என்கிறார்கள். 2019 படமோ நடுவில் வந்தவற்றைப் பாராமுகமாகத் தாண்டி 1991இலிருந்து தொடர்கிறது. ஆகவே விதியைத் தொடருக்கு எழுதாமல் கதைக்குக் கதை பக்கத்து ஓரத்தில் எழுதுங்கள்.

சபையில்

வாதத்தில் இறங்க முதல், எல்லோரும் எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவர் பாதியில் நின்றால் அதற்குமேல் போகாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு முடிவைப் போட்டு உடைத்தவர் அன்றைய தேத்தண்ணிக் காசு முழுவதையும் கட்டுவார், வடையும் சேர்த்து.

வயதில் மூத்தவர் பிழையாகச் சொன்னால் "பிழை அண்ணை" என்று முகத்துக்கு நேரே அடிக்காமல் "எந்தப் பிரதியிலை பாத்தனீங்கள் அண்ணை?" என்று கேட்டுப் பாருங்கள். சிலவேளை பிழை உங்களிடம் இருக்கும். இங்கே பட்டிமன்றம்போல் நடுவர் இல்லை, தீர்ப்பும் இல்லை. கடைக்காரர் கதிரைகளை அடுக்கத் தொடங்கினால் எழும்ப வேண்டியதுதான்.

எனக்கும் மச்சானுக்கும் அந்தக் காட்சிக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. 1977, ஹான் மட்டும். 1997, கிரீடோ முதலில். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். 2019 நவம்பரில் ஒரு விடியப்புறம் ரொறன்ரோவிலிருந்து போன் வந்தது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு எடுத்தேன்.

"மச்சான், திரும்ப மாத்திப் போட்டாங்களடா. இப்ப சுட முதல் கிரீடோ ஏதோ 'மக்லங்கி' எண்டு கத்துறான்."

எழும்பி லைற்றைப் போட்டு, கொப்பியைத் தேடி எடுத்து, நாலாவது வரியை எழுதினேன்.